ஏறாத சுருதி

5 ஜனவரி, ஞாயிறு

மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. பிளம்பர் நாளை வருவதாகச் சொல்கிறான். அவன் சொல்லும் நாளை எந்த நாளை என்று அவனுக்கே தெரியாது. கீழ்வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கி, முழங்கால் வீங்கிப் போய், அதோடு ஹில்லாரி அண்ணன் வீட்டு மாடிப்படியும் ஏறினேன். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே நடக்கும் ரசிகர் கூட்டத்தை நான் தவறவிட்டதே இல்லை.

இன்றைய கூட்டத்தில் பெரிய செய்தி. கலங்கரை மெல்லிசைக் குழுவின் கச்சேரி மறுபடி நடக்கப்போகிறது. தவக்காலம் தொடங்குவதற்கு முன், பிப்ரவரி பதினாறாம் தேதி, மாதா கோயில் பங்கு மண்டபத்தில். குழுவில் உயிரோடு இருப்பது பாடகரும் பேஸ் கிடார்காரரும்தான். மற்ற வாத்தியங்களுக்கு வேறு ஆட்களைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார் ஹில்லாரி அண்ணன். கப்பல் ஏஜென்சியில் மானேஜராக இருந்தவர். இன்னமும் எல்லோரையும் மானேஜ் செய்கிறார்.

எங்கள் கூட்டத்தைப் பார்த்து என் அண்ணி சிரிப்பாள். தூத்துக்குடியைத் தாண்டி யாருக்கும் தெரியாத ஒரு ஆர்கெஸ்ட்ரா, கலைந்து எத்தனையோ காலமாயிற்று, அதற்கு ஒரு ரசிகர் கூட்டமா என்பாள். ஆமாம், அப்படித்தான். மற்ற ஆர்கெஸ்ட்ராக்கள் சினிமாப் பாட்டை வாசித்துவிட்டுப் போயின. கலங்கரை கச்சேரி முடிவில் ஒரு சொந்தப் பாட்டு பாடும். ரெக்கார்டு எதுவும் வெளியிடவில்லை. யார் யாரோ கூட்டத்தில் உட்கார்ந்து கேசட்டில் பிடித்ததுதான் மிச்சம். அதைத் தேடித் தேடிச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிரதி கொடுத்து, எது எந்த வருடத்துக் கச்சேரி என்று சண்டை போட்டு வாழ்கிறோம். யாருக்கு என்ன நஷ்டம்?

அவற்றில் தலையாயது ‘கொழும்புத் தோணி’. எண்பத்து மூன்றாம் வருட மாதா கோயில் திருவிழாவில் பாடியது. பிடித்தது நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, கையில் என் அண்ணனின் டேப் ரெக்கார்டர். கடைசிச் சரணத்தில் பாடகர் சுருதியை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போவார். தாளமும் முடுக்கும். கிடார், ஆர்கன் எல்லாம் கூடவே ஏறும். இடையில் ஒரு நிறுத்தம் கிடையாது. இப்படி ஒரு ஏற்றத்தை யாரும் எங்கும் கேட்டதில்லை. அந்த ஆர்கனை எப்படி ஏற்றினார்கள் என்று மதுரைப் பேராசிரியர் தனஞ்செயன் ஒரு நீளமான கட்டுரையே எழுதியிருக்கிறார்.

11 ஜனவரி, சனி

பிளம்பர் வரவில்லை.

ஹில்லாரி அண்ணனும் நானும் பாடகரை அழைக்கப் போனோம். இன்னாசி வாஸ். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகள் மெல்பாவோடு இருக்கிறார். எல்லோரும் அவரை அண்ணன் என்பார்கள். நான் வாஸ் என்றுதான் கூப்பிடுவேன். அது ஏன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. போஸ்டரைப் பார்த்ததும் சுருங்கியது. ஹில்லாரி அண்ணன் கேட்காமலே அச்சடித்துவிட்டார்: ‘அந்த ஏற்றத்தை மீண்டும் கேளுங்கள்!’

“ஹில்லாரி, அந்த ஏத்தம் எங்கிட்ட இல்லப்பா. அன்னைக்கு வந்துது, பெறகு வரல. ஒனக்குத் தெரியாததா?”

எல்லோருக்கும் தெரியும். அந்த கேசட் ஊரெல்லாம் பரவிய பிறகு போன மேடையிலெல்லாம் அந்த ஏற்றத்தைக் கேட்டார்கள். அவருக்கு வரவில்லை. திருச்செந்தூர் ரோட்டில் ஒரு கல்யாணக் கச்சேரியில் விசிலடித்துக் கீழே இறக்கினார்கள். அதற்கடுத்த வருடமே கலங்கரை கலைந்தது. அவர் பிறகு வீட்டில்கூடப் பாடியதில்லை என்று மெல்பா ஒருமுறை சொன்னாள்.

“பயிற்சி எடுத்தா வரும் அண்ணே. ஒரு மாசம் இருக்கு” என்றார் ஹில்லாரி அண்ணன்.

“வராட்டி?”

மெல்பா காப்பி கொண்டு வந்தாள். வாஸ் டம்ளரை வாங்கிக்கொண்டார். பிறகு, “பாட ஆசையாத்தான் இருக்கு” என்றார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. இன்னொரு தடவை மேடையில் விசிலடித்தால் இந்த மனிதர் அதோடு முடிந்தார் என்று எனக்குத் தெரியும். ஹில்லாரி அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துதான் போஸ்டர் அடித்திருக்கிறார்.

18 ஜனவரி, சனி

நெத்திலிக் குழம்பு வைத்தேன். அதிகமாகிவிட்டது. வீணாக்குவானேன் என்று வாஸ் வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டு போனேன். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான் குழம்பு கொடுக்கத்தான் போனேன், கேட்டுவிட்டு வந்தது தற்செயல்.

குரல் தடித்திருக்கிறது. கீழே இறங்கியிருக்கிறது. ஆனால் அந்தப் பல்லவியை எடுத்தபோது என் கையிலிருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. இப்படி ஒரு குரலைப் பூட்டி வைத்த ஊரை என்ன செய்தால் தகும்?

கடைசிச் சரணம் வந்தது. ஏற்றப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. குரல் கிழிந்து இருமல் வந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி கிழிந்தது. துண்டை எறிந்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். கீபோர்டு வாசிக்க வந்த பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“தெனமும் இப்படித்தான் அக்கா” என்றாள் மெல்பா. “சரியா சாப்பிடவும் மாட்டேங்காரு. நீங்களாவது சொல்லுங்க, வேண்டாம்னு.”

வேண்டாம் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? பாட வேண்டும் என்றுதான் சொல்வேன்.

21 ஜனவரி, செவ்வாய்

கட்டிலுக்கு அடியில் மூட்டையில் இருந்த மிளகாய் வற்றல் பூசணம் பிடித்துவிட்டது. மொட்டைமாடியில் காயவைத்தேன்.

24 ஜனவரி, வெள்ளி

ஒரு யோசனை. எங்கள் எல்லோரிடமும் இருப்பது ஹில்லாரி அண்ணன் தயாரித்த சுத்தப் பிரதி. அவரிடம் எந்தப் பதிவு போனாலும் இருமல், கைதட்டல், மைக் அறிவிப்பு எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் கொடுப்பார். எங்கள் கூட்டத்தில் அதுதான் வழக்கம். வெட்டாத பிரதியை அனுப்பினால் குளிக்காமல் பூசைக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். மூலக் கேசட் என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. பாட்டு முடிந்த இடத்தோடு நிறுத்தி ஹில்லாரி அண்ணன் பிரதி எடுத்த நாளிலிருந்து அதை ஓட்டியதே இல்லை. ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று சிறு பிள்ளைகளைக்கூடத் தொடவிட மாட்டேன்.

அந்த ஏற்றத்துக்கு முன் வாஸ் எங்கே மூச்சு எடுத்தார் என்பது மூலத்தில் கேட்கலாம் அல்லவா? அவரே கேட்டால் ஞாபகம் வரக்கூடும். டேப் ரெக்கார்டரை ரேடியோக் கடையில் கொடுத்திருக்கிறேன். பெல்ட் மாற்ற வேண்டுமாம்.

25 ஜனவரி, சனி

ரெக்கார்டர் வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன்.

பாட்டு முடிந்தது. மூச்சு எடுத்த இடம் எதுவும் தனியாகத் தெரியவில்லை. அணைக்கப் போனேன், அதற்குள் கைதட்டல் வந்தது. சடசடவென்று, எண்ணெயில் கடுகு வெடிப்பதைப்போல அவசரமாகத் தட்டினார்கள். பிறகு மைக்கில் ஒரு சின்னப் பையன் குரல் பேசியது. ‘நீலக் கவுன் போட்ட பெண் குழந்தை ஒன்று மேடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறது, பெற்றோர் உடனே வரவும்.’ யாரடா இந்தப் பையன், இவனிடம் யார் மைக்கைக் கொடுத்தது என்று நினைத்தேன். கடைசியில் அந்தப் பையன், ‘அறிவிப்பது உங்கள் சந்தியாகு’ என்றான்.

சந்தியாகு அண்ணன்! செத்துப்போன ஆள். உயிரோடிருந்தபோது அவர் மைக் பிடித்தால் கூடாரத்து மூங்கில் அதிரும். அடிவயிற்றுக் குரல். அவர்தான் சுண்டெலியாய்க் கீச்சிடுகிறார்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. மறுபடி போட்டேன். சந்தியாகு அண்ணனுக்கு அடுத்து இரண்டு வார்த்தை யாரோ கீச்சிட்டார்கள், அதோடு பதிவு அறுந்துவிட்டது. அன்று பேட்டரி தீர்ந்து ரெக்கார்டர் தானாக நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அண்ணன் திட்டினான். பேட்டரி தீரத் தீரக் கேசட் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பிடித்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் வேகமாய், உச்சத்தில் கேட்கும். கடைசிப் பாட்டு அது. அதன் கடைசிச் சரணத்தில்தான் பேட்டரியும் போயிருக்கிறது.

வாஸ் ஏற்றவே இல்லை. ஆர்கனை யாரும் ஏற்றவில்லை. எதுவுமே ஏறவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

கொடியேற்ற மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நேராக ஹில்லாரி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டாவது தடவையே புரிந்துகொண்டார், கெட்டிக்காரர்தான். வியர்த்துவிட்டது.

“டெல்பின், இத யார்கிட்டயும் சொல்லிராத.”

“ஏன்?”

“அப்போ நாப்பது வருசமா நாம என்னத்தக் கேட்டோம்? சொல்லு. அந்த ஏத்தத்த எடுத்துட்டா கலங்கரையில என்ன இருக்கு? நாலு ஊரு ஆர்கெஸ்ட்ராவுல இதுவும் ஒண்ணு. கனடாவுல இருந்து ஆளு வாறான், இதக் கேக்க!”

“வாஸ் தெனமும் தொண்டையக் கிழிச்சுக்கிட்டு இருக்காரு அண்ணே.”

“கச்சேரி அன்னைக்கு ஏதாவது செய்யலாம். கடைசிச் சரணத்துக்கு டேப்ப ஓட விட்டு, அவர வாய மட்டும் அசைக்கச் சொல்லுவோம்.”

இதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. கோபம் மட்டும் இல்லை, பயமும்தான். அந்த ஏற்றம் இல்லாவிட்டால் கலங்கரை ஒன்றுமில்லையோ என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. அதை எழுதிவிடுகிறேன், பொய் எழுத இந்த நோட்டு எதற்கு?

28 ஜனவரி, செவ்வாய்

இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. தெருநாயிடம் பேசினேன். அது கேட்டுக்கொண்டது.

30 ஜனவரி, வியாழன்

ரெக்கார்டரைக் கட்டைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வாஸ் வீட்டுக்குப் போனேன்.

மூலக் கேசட்டைக் கேட்டார். சந்தியாகு அண்ணன் பேசியதும் சிரித்தார். நானும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். திரும்பப் போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. சிரிப்பு போய்விட்டது.

“அன்னைக்கு நான் குடிச்சிருந்தேன் டெல்பின். பாடினது ஒண்ணும் ஞாபகம் இல்ல. கேசட்டக் கொண்டாந்து போட்டானுவ, கேட்டேன். நானா பாடுனேன்னு இருந்துது. மாதா குடுத்துருக்கான்னு நெனச்சேன். பெறகு வரலன்னதும், குடிகாரன்னு திருப்பி எடுத்துக்கிட்டான்னு நெனச்சேன். குடிய விட்டேன். வருசா வருசம் போய் மெழுகுவத்தி ஏத்தி, ஒரே ஒரு தடவ குடும்மான்னு கேட்டேன். எதக் கேட்டுருக்கேன் பாத்தியா? பேட்டரியவா?”

மெல்பா உள்ளே போய் அழுதாள். நான் அழவில்லை, மூக்கு அடைத்திருந்தது.

“அப்போ நான் எப்பவும் ஒழுங்காத்தான் பாடிருக்கேன்” என்றார். “விசிலடிச்சானுவளே, அன்னைக்கும்.”

“ஆமா.”

சட்டென்று முகம் மாறியது. “ஒனக்குத் தோணாமப் போச்சா இத்தன நாளா? கேசட்டு ஒங்கிட்டதான இருந்துது?”

“பாடுன ஆளு நீங்க! ஒங்க தொண்ட எது வர போவும்னு ஒங்களுக்கே தெரியல, என்னக் கேக்கீயளா? ஊரு சொல்லிச்சு, நீங்க நம்புனீய. நானும் நம்புனேன். ரெண்டு பேரும் ஒரே மடத்தனம்தான் பண்ணிருக்கோம், ஏங்கிட்டச் சாடாதிய!”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரெக்கார்டர் போகும்போது இருந்த கனத்தைவிட வரும்போது கனத்தது.

2 பிப்ரவரி, ஞாயிறு

கூட்டத்துக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாக, மூலக் கேசட்டை ஒரு வெட்டும் இல்லாமல், கீச்சுக்குரலோடு வாட்ஸாப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: ‘ஏற்றம் பேட்டரியுடையது. குரல் இன்னாசி வாஸுடையது. வாஸ் தன் குரலில்தான் பாடுவார்.’

வாஸிடம் கேட்காமல்தான் போட்டேன். கேட்டால் வேண்டாம் என்றிருப்பார்.

3 பிப்ரவரி, திங்கள்

காலை வரை தொண்ணூறு செய்தி. நான் கெடுத்துவிட்டேன், எனக்குப் பொறாமை, எனக்கு வயதாகிவிட்டது. சந்தியாகு அண்ணனுக்கு அன்று ஜலதோஷமாக இருந்திருக்கலாம் என்று பேராசிரியர் தனஞ்செயன் எழுதினார். ஜலதோஷம் பிடித்தால் குரல் தடிக்குமா, கீச்சிடுமா என்று கேட்டேன். பதில் வருவதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நீக்கட்டும். என் கேசட்டால் பிறந்த குழு அது. போனில் இடம் மிச்சம்.

6 பிப்ரவரி, வியாழன்

பிளம்பர் வந்தான்! மோட்டாரில் பல்லி செத்துக் கிடந்ததாம். தண்ணீர் வருகிறது. தலைக்குக் குளித்தேன்.

சாயங்காலம் வாஸ் போன் செய்தார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அந்தப் பாட்டுக்குச் சுருதிய எறக்கி வச்சுப் பாடிப் பாத்தேன். கடைசிச் சரணத்துல சொல்லெல்லாம் எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? இத்தன நாளா ஏத்துறதுலயே இருந்து, என்ன பாடுதோம்னே கவனிக்கல.”

“தெரியும்” என்றேன்.

“பாடத்தான் போறேன். எத்தன பேரு விசிலடிச்சாலும் முடிச்சிட்டுத்தான் எறங்குவேன். நீ வருவியா?”

இதெல்லாம் ஒரு கேள்வியா?

9 பிப்ரவரி, ஞாயிறு

போஸ்டரை மாற்ற முடியாது என்றுவிட்டார் ஹில்லாரி அண்ணன். சரி. மைதா மாவில் பசை காய்ச்சி, வெள்ளைத்தாளை வெட்டி எடுத்துக்கொண்டு, பூசை முடிந்ததும் பட்டப்பகலில் கிளம்பினேன். மண்டபத்துச் சுவர், பேருந்து நிறுத்தம், மீன் மார்க்கெட் என்று எங்கெல்லாம் ‘அந்த ஏற்றத்தை மீண்டும் கேளுங்கள்’ இருந்ததோ அங்கெல்லாம் ‘இன்னாசி வாஸைக் கேளுங்கள்’ என்று ஒட்டினேன். மண்டபத்துக் காவலாளி, “டீச்சரம்மா, என்ன செய்யுதீய?” என்று ஓடிவந்தான். தபாலாபீசில் ஸ்டாம்பு ஒட்டி ஓய்வு பெற்றவள் நான், டீச்சரும் இல்லை, எனக்கு ஒட்டச் சொல்லித்தரவும் வேண்டாம் என்றேன். ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

15 பிப்ரவரி, சனி

மரக்கலர் சேலையா, நீலமா? நாளைக்கு எதைக் கட்டினால் என்ன. நீலம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஹில்லாரி அண்ணன், பக்கத்தில் பேராசிரியர். நான் நடுவில் உட்கார்ந்து போனில் பதிவு செய்தேன். சினிமாப் பாட்டுகளை வாஸ் அநாயாசமாகப் பாடினார். எல்லோரும் தட்டினார்கள். எல்லோரும் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

‘கொழும்புத் தோணி’ தொடங்கியது. நிதானமாக, கீழ்ச் சுருதியில். பின்வரிசையில் சலசலப்பு. கடைசிச் சரணத்தின் முதல் அடி முடிந்ததும் ஒருவன் கத்தினான்: “ஏத்து!” இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். “ஏத்து! ஏத்து!” விசில். வாஸ் நிறுத்திவிட்டார். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நாற்காலி மேல் ஏறிவிட்டேன்.

“ஏத்த மாட்டாரு! அவரு என்னைக்கும் ஏத்தினதில்ல! ஏத்துனது பேட்டரி! பேட்டரிதான் வேணும்னா கடையில போய் வாங்கிக் காதுல வச்சுக்கிட்டுப் போ! மனுசன் பாடுறதக் கேக்குறவன் உக்காரு!”

மேடையிலிருந்து மைக்கில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

“டெல்பின், எறங்கு. முழங்கால் என்னத்துக்கு ஆவும்?”

எல்லோரும் சிரித்தார்கள். விசிலடித்தவனும் சிரித்தான் என்று நினைக்கிறேன். இரண்டு பேர் கைகொடுத்து என்னை இறக்கிவிட்டார்கள். வாஸ் கடைசிச் சரணத்தை முதலிலிருந்து எடுத்தார். கண்ணை மூடவில்லை, நரம்பு புடைக்கவில்லை. தோணி போன பிறகு கரையில் நிற்பவள் பாடும் வரிகள் அவை. இவ்வளவு காலத்தில் அந்த வரிகளை நான் இன்றுதான் முழுதாகக் கேட்டேன். கடைசி வரியில் குரல் தளர்ந்து சுருதி கொஞ்சம் இறங்கியது. அவருக்கும் தெரிந்தது. நிறுத்தவில்லை, முடித்தார்.

சிலர் எழுந்து போனார்கள். மீதிப்பேர் தட்டியது எனக்குக் கேட்கவில்லை, நானே அவ்வளவு சத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

17 பிப்ரவரி, திங்கள்

காலையில் ஹில்லாரி அண்ணன் போன். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவராவது கேட்பதாவது.

“டெல்பின், நேத்து நீ ரெக்கார்டு பண்ணுனியாம்ல? எனக்கு அனுப்பு.”

“எதுக்கு?”

“பாட்டு நல்லாத்தான் இருந்துது. நான் இல்லன்னு சொல்லல. என்ன, கடைசி வரியில எறங்கிட்டாரு. கவனிச்சியா?”

“கவனிச்சேன்.”

“கம்ப்யூட்டர்ல அத ஏத்திச் சரி பண்ணிரலாம். ரெண்டு நிமிச வேல. யாருக்கும் தெரியாது.”

“தொட்டா கைய ஒடிப்பேன் அண்ணே” என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.